ஆப்பிரிக்க வயலட்டுக்குத் தொட்டி மண் தயாரித்தல்

ஆப்பிரிக்க வயலட்டு என்று வழங்கும் பூஞ்செடியானது வீட்டினுள்ளே ஜன்னலோரத்தில் ஒரு சாண் இடத்தில் அடங்கி, தக்க பராமரிப்பு இருக்குமாயின் ஆண்டின் பெரும்பகுதியும் பூத்துக்கொண்டிருக்கும் தன்மையது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற குளிர்ந்த இடங்களில் நாற்றுப்பண்ணை வைத்திருப்போர்க்கு இது நல்ல ஆதாயந் தரத்தக்க செடி. ஆயினும் இதனை வாங்கிச் செல்வோரில் பலர் சில மாதங்களுக்குள் செடியை இழந்துவிடுகின்றனர். இலைகள் நீரின்றி வாடினாற்போல் துவளும். தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கும். வாடுகிறதே என்று மேலும் நீர் வார்ப்பார்கள். ஒரு வாரத்தில் குருத்து அழுகிக் கையோடு வந்துவிடும். நீர் வார்த்தவரையே யாவரும் குறை கூறுவர். உண்மையில் குறை பெரும்பான்மையும் தொட்டியில் இட்ட மண்ணினுடையது. அம்மண்ணை அளித்தவர் செடியை விற்றவராதலின், நட்டம் முடிவில் அவரையே வந்து சேரும்.

நெல்லும் தென்னையும் பயிரிடும் குடியானவர்கட்கு இவ்விஷயம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இச்செடிக்குத் தகுந்த மண்ணின் முக்கியமான சரக்கு தென்னந்தோப்பில் கிடைப்பது. மற்றொன்று அரிசி ஆலையில் கிடைப்பது. அவற்றைப் பக்குவஞ் செய்யும் முறையை அறிந்தவர் வயலட்டுக்கு மட்டுமன்றி, தொட்டியில் வளரும் எந்த நுண்வேர்ச் செடிக்கும் மண் தயாரித்து விற்கலாம்.

செடியின் பிறப்பிடம்

இச்செடிக்கும் மெய்யான வயலட்டுச் செடிக்கும் குலத்தொடர்பு யாதுமில்லை. பூவின் சாயலைக் கண்டு இட்ட பெயர் அது. இதன் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் வடகிழக்கிலுள்ள உசம்பரா மலைகளும், அவற்றையடுத்த தாங்கா கடற்கரைப் பிரதேசமும், கென்யாவின் தென்கிழக்கு மூலையுமாகும். அப்பிரதேசத்தின் பெரும்பகுதி ஜெர்மானியர் வசமிருந்த காலத்தில், 1892-ஆம் ஆண்டில், தாங்கா ஜில்லா அதிகாரியாயிருந்த வால்ட்டர் வான் செயிண்ட் பால்-இல்லேர் என்பவர் இதனைக் கண்டு தம் தந்தையாருக்கு அனுப்பினார். அவர் வழியாக இது ஹானோவர் நகரத்து ஹெரன்ஹௌசன் தோட்டத்தின் தலைவர் ஹெர்மான் வெண்ட்லாண்டிடம் சேர, அவர் 1893-இல் கண்டவர் பெயரையே சேர்த்து ‘செயிண்ட்பாலியா அயோனாந்தா’ என்று நாமகரணஞ் செய்தார். ஜில்லா அதிகாரி ஒருவர் பெயர் வரிப்புத்தகங்களில் மறைந்தும் பூந்தொட்டியில் நிலைத்திருப்பது வேடிக்கையே. 2015-இல் தாவர நூலார் இவ்வினத்தை ‘ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ்’ என்னும் பேரினத்துடன் சேர்த்துவிட்டனர். வியாபாரத்தில் பழைய பெயரே வழங்கி வருகிறது.

நாம் கவனிக்க வேண்டுவது, அங்கே அது எதில் வேரூன்றி நிற்கிறது என்பதேயாகும். ஆழமான தரைமண்ணில் அன்று. அடர்ந்த மரநிழலில், பாறைச் சரிவுகளிலும் வெடிப்புகளிலும், பாசியும் மட்கிய சருகும் சேர்ந்து சில விரற்கடை கனத்திற்குப் படிந்த இடங்களில் அது பற்றி வளர்கிறது. மழை வந்து நனைத்துவிட்டு வழிந்தோடும், தேங்குவதில்லை. வேர்கள் மயிரிழை போல் நுண்ணியவை. ஆழ்ந்து செல்லாமல் மேலாகப் பரவுவன. ஆகவே இச்செடிக்கு ஈரமும் வேண்டும், அவ்வீரத்தினிடையே காற்றும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தராத மண் எவ்வளவு வளமுள்ளதாயினும் இதற்கு உதவாது.

வயல் மண் தொட்டிக்கு ஆகாத காரணம்

நல்ல செம்மண்ணில் சகல பயிரும் விளைகிறதே, அதைத் தொட்டியில் இட்டால் என்ன என்று கேட்பது இயல்பு. வயலில் மேல்மண்ணுக்குக் கீழே பல அடி ஆழத்திற்கு மண் தொடர்ந்திருக்கிறது. மேலே விழும் நீரை அடிமண் ஓயாது கீழிழுத்துக்கொள்வதால், மழை விட்ட மறுநாளே மேல்மண்ணின் பெருந்துளைகளில் காற்றுப் புகுந்துவிடுகிறது. அம்மண்ணையே வெட்டி நான்கு அங்குலத் தொட்டியில் இட்டால் இத்தொடர்பு அறுபட்டுப்போகிறது. தொட்டியின் அடித்துளைக்குக் கீழே இழுப்பதற்கு மண் இல்லை, வெறுங்காற்றே உள்ளது. மண்ணின் நுண்துளைகள் நீரைப் பற்றும் வலிமை நீரின் பாரத்தை மிஞ்சியிருக்குமளவும் அந்நீர் சொட்டாது நின்றுவிடும்.

துவைத்த வேட்டியைக் கொடியில் உலர்த்தியிருக்கும்போது இதனைக் காணலாம். மேற்பாகம் விரைவில் உலர, கீழ்க்கரை மாத்திரம் நெடுநேரம் நீர் கோத்துக்கொண்டிருக்கும். சொட்டுவதும் நின்றிருக்கும், ஈரமும் குறைந்திராது. தொட்டியின் அடியிலும் அவ்வாறே நீர் கோத்த பகுதி ஒன்று உண்டு. அதன் உயரம் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. மண்துகளின் பருமனைப் பொறுத்தது. துகள் நுண்ணியதாக ஆக அதன் உயரம் அதிகமாகும். உதாரணமாக, மூன்று அங்குலம் நீர் கோக்கும் மண்ணை ஓரடி உயரத் தொட்டியில் நிரப்பினால் மேலே ஒன்பது அங்குலம் காற்றோட்டமாய் இருக்கும். அதே மண்ணை நான்கு அங்குலத் தொட்டியில் நிரப்பினால் ஓர் அங்குலமே மிஞ்சும். வயலட்டு சிறிய தொட்டியிலேயே வளர்வது. இலைகள் பரவிய அகலத்தில் மூன்றிலொரு பங்கு அகலமுள்ள தொட்டி போதும் என்பது அதனை வளர்ப்போர் யாவரும் கைக்கொள்ளும் விதி. ஆதலால் பெரிய தொட்டியில் ரோஜாவுக்குப் பொருந்தும் மண் இதற்கு நஞ்சாக முடிகிறது. நீர் கோத்த பகுதியில் பிராணவாயு அற்றுப்போய் வேர் மூச்சடைக்கும். தளர்ந்த வேரைப் பித்தியம், பைட்டோப்தோரா முதலிய அழுகல் பூஞ்சணங்கள் எளிதிற் பற்றும். வேர் அழுகிய செடி நீரை உறிஞ்சமாட்டாது. அதனாலேதான் ஈர மண்ணில் நின்றுகொண்டே வாடுகிறது.

இதனைத் தவிர்ப்பதாக எண்ணித் தொட்டியின் அடியில் ஓடும் கல்லும் பரப்புவது நெடுநாள் வழக்கம். இவ்வழக்கத்தால் நன்மையில்லை, தீமையே உண்டு. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் பெருந்துளையுள்ள கல்லடுக்குக்குள் எளிதில் இறங்குவதில்லை; ஆகவே நீர் கோத்த பகுதி அழியாமல், கல்லின் உயரத்திற்கு மேலே ஏறி வேரினிடமே வந்து நிற்கும். மண் ஒழுகாதபடி துளையின்மீது ஒரு சிறு ஓடோ வலைத்துண்டோ வைத்தால் அமையும். களிமண்ணில் சிறிது மணல் கலப்பதும் இவ்வாறே பயனற்றது. மணல் பாதிக்கு மேல் சேர்ந்தாலன்றி, களி மணலின் இடைவெளிகளை நிரப்பி இறுகிவிடும். கடல் மணல் உப்புள்ளதாகையால் எவ்வாற்றானும் ஆகாது.

மலைப்பிரதேசங்களில் சோலைக்காட்டின் இலை மக்கையும் கருமண்ணையும் வாரிவந்து தொட்டியில் இடுவோரும் உளர். பக்குவமான இலை மக்கு இச்செடிக்கு உகந்ததுதான். ஆயின் ஒதுக்கு வனங்களிலிருந்து அனுமதியின்றி இவற்றை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துரைக்க வேண்டும். சோலையின் மேல்மண் ஒரு தலைமுறையில் மீண்டும் உண்டாவதன்று. மக்கு வேண்டுவோர் தம் தோட்டத்துச் சருகைக் குழியிலிட்டு, ஓராண்டு கழித்து, அரையங்குலச் சல்லடையில் சலித்து உபயோகிக்கலாம்.

தென்னை நார்க்கழிவு

மேல்நாடுகளில் வயலட்டு வளர்ப்போர் பீட்டு என்னும் சதுப்புநிலப் பாசி மக்கு, பெர்லைட், வெர்மிகுலைட் ஆகிய மூன்றையும் சமபங்காகக் கலந்து, மண்ணே இல்லாத மண்ணாக ஆக்கிக்கொள்கின்றனர். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பூட்லி, ஷெல்ட்ரேக் என்னும் இருவர் 1960-களில் வகுத்த கலவைகள் இதற்கு அடிப்படை. பீட்டு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே படிவதாகையால், அதனை வெட்டியெடுத்த சதுப்புநிலம் எளிதில் மீள்வதில்லை. இதனை உணர்ந்த நாடுகளில் அதற்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவுக்குக் கிராக்கி ஏற்பட்டு, பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்திலிருந்து அது கட்டி கட்டியாகக் கப்பலேறுகிறது. ஒரு காலத்தில் நார் ஆலையின் பின்புறம் குப்பையாகக் குவிந்து, சாலையோரத்தில் எரிந்துகொண்டிருந்த பொருள் இது.

மட்டையில் நார் ஏறத்தாழ 30 சதவிகிதம். எஞ்சிய 70 சதவிகிதம் இத்துகளே. தன் எடையைப்போற் பன்மடங்கு நீரைப் பிடிப்பது, உலர்ந்தாலும் பீட்டைப்போல் நீரை ஏற்க மறுப்பதில்லை, எளிதில் மட்குவதுமில்லை. புளிப்புநிலை 5.5 முதல் 6.5 வரையில் இருப்பதால், பீட்டுக்குச் சேர்ப்பதுபோல் சுண்ணாம்பு சேர்க்க வேண்டுவதில்லை. ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் துகளாகும்.

இவ்வளவு குணமுள்ள இப்பொருளில் உள்ள ஒரே பெருங்குறை உப்பு. தென்னை இயல்பாகவே பொட்டாசியமும் குளோரைடும் மிகுதியாக ஏற்பது. கடற்கரையிலும் உப்பங்கழியிலும் ஊறிய மட்டையாயின் சோடியமும் மிகும். வயலட்டின் நுண்வேர் உப்பைப் பொறுக்காது. ஆலையில் வாங்கிய நார்க்கழிவை அப்படியே இட்டு, செடி கருகக் கண்டு, இச்சரக்கே ஆகாதென்று கைவிட்டோர் பலர். அலசாமற்போனதே அங்கு நேர்ந்த பிழை.

நல்ல நீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழிந்து அலசினால் கரைந்து நிற்கும் உப்பு போய்விடும். ஆயினும் துகளின்மேல் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் நீருக்கு அசையா. அவற்றைப் பெயர்ப்பதற்குக் கால்சியம் வேண்டும். உலர்ந்த நார்க்கழிவு ஒரு கிலோவுக்குக் கால்சியம் நைட்ரேட் உப்பு சுமார் 20 கிராம் வீதம் நீரிற் கரைத்து, துகள் முழுதும் மூழ்கும்படி ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். கால்சியம் துகளிற் பற்றிக்கொள்ள, மற்றவை பெயர்ந்து நீருடன் வரும். மறுநாள் வடித்து இன்னுமொரு முறை அலச வேண்டும். இதைச் செய்யாது விட்டால், பின்னர் நாம் இடும் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் துகளே பிடித்துக்கொள்ள, செடி அவற்றின்றி இளைக்கும். மின்கடத்தும் அளவைக் காட்டும் சிறு கருவி வைத்திருப்போர் வடிநீரை அளந்து, 0.5 மில்லிசீமென்சுக்குக் கீழே வரும் வரையில் அலசுவது நலம். அலசப் பயன்படுத்தும் நீரையும் முதலில் அளந்துகொள்ள வேண்டும். உவர்க்கிணற்று நீரால் உப்பைப் போக்க முடியாது.

அலசிய செந்நீரைக் குறித்து ஒரு வார்த்தை. அதில் உப்பும் துவர்ப்புப் பொருளும் மிகுதி. கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ விட்டால் குடிநீர் நிறம் மாறிக் கெடும். மழைக்காலத்தில் நனைந்து ஒழுகும் நார்க்கழிவுக் குவியலும் இதே கேட்டைச் செய்யும். பெருமளவில் அலசுவோர் தளம் போட்ட தொட்டி கட்டிக்கொள்ளுமாறு கிராம அதிகாரிகள் வற்புறுத்துவது அவசியம். பக்கத்துக் கிணற்றுக்காரரின் முறையீடு வந்த பின்பு செய்யக்கூடியது அதிகமில்லை.

யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இட்டு மட்கவைத்த நார்க்கழிவு எரு என்பது வேறு. அதில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்பதிலிருந்து 24:1 அளவிற்கு இறங்கிவிடுகிறது. வயலுக்கும் தோப்புக்கும் அது மிக நல்லது. தொட்டிக்கு வேண்டுவதோ மட்காது நின்று காற்றிடம் காக்கும் துகளாதலால், இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

கலவை

அலசிய நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் இரண்டு பங்கு, வெர்மிகுலைட் ஒரு பங்கு, யாவும் படியால் அளந்தவை, மலைப்பிரதேசத்திற்குப் பொருந்தும். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிக் கல்லைக் கடுஞ்சூட்டில் பொரித்தது. நெற்பொரி போல் வெண்மையாய், எடையற்றதாய், காற்றிடம் தருவது. அதன் தூசு நெஞ்சுக்குத் தீங்காகையால் நீர் தெளித்த பின்பே அள்ள வேண்டும். வெர்மிகுலைட் அபிரகத்தைப் போன்ற தாதுவைச் சுட்டு விரியச்செய்தது. நீரையும் சத்தையும் பிடித்துவைப்பது. திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் இத்தாது உண்டு.

பெர்லைட் விலையுயர்ந்தது. அதற்கு மாற்றாகப் புழுங்கல் அரிசி ஆலையின் உமியைப் பாதியளவு சேர்க்கலாம். நெல்லை வேகவைத்த பின் குற்றிய உமியாதலால் அதில் களைவிதை முளைக்காது; சிலிகை மிகுந்ததாகையால் விரைவில் மட்காது. பச்சரிசி ஆலையின் உமியில் பதரும் உயிருள்ள நெல்லும் கலந்திருப்பதால் அதைக் கொள்ள வேண்டாம். தவிடு கலந்த உமியும் ஆகாது, பூசணம் பிடிக்கும். கருக்கிய உமியும் நல்லதே. ஆனால் அதன் சாம்பல் காரமுள்ளது, நன்கு அலசிய பின்பே சேர்க்கத்தக்கது. மாட்டெருவை இக்கலவையில் அறவே தவிர்ப்பது உத்தமம் என்பது எமது கருத்து. நன்கு மட்கிய எருவாயினும் நுண்ணிய துகளாகையால் காற்றிடத்தை அடைத்துக்கொண்டு, சிறு ஈக்களையும் வரவழைக்கும்.

சமவெளியில் மண்தொட்டியில் வைப்போர் நார்க்கழிவை ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம். மண்தொட்டியின் பக்கங்கள் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். பிளாஸ்டிக் தொட்டிக்கு அது கூடாது. தொட்டியின் அடியில் நைலான் திரி செருகிக் கீழுள்ள பாத்திரத்திலிருந்து நீரேறும்படி அமைப்போர் கலவையில் பாதிக்குக் குறையாமல் பெர்லைட் சேர்க்க வேண்டும். அக்கலவை எந்நேரமும் ஈரமாகவே இருக்குமன்றோ.

இலை மக்கோ தோட்ட மண்ணோ சேர்ப்பவர் அதனை மாத்திரம் முன்னதாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். சிறிதளவாயின் இட்டிலிக் கொப்பரையில் துணி விரித்து, ஈர மண்ணைப் பரப்பி, மண்ணின் நடுவே 82 பாகை சென்டிகிரேடு சூடு ஏறிய பின் அரைமணி நேரம் வைத்தால் அழுகல் பூஞ்சணமும் வேர்ப்பூச்சியும் நூற்புழுவும் மடியும். அதற்கு மேலும் வேகவிட்டால் அம்மோனியாவும் மாங்கனீசும் மிஞ்சி வேரைச் சுடும்.

கலவையைச் சோதித்தல்

எந்தச் சரக்கை எவ்வளவு கலந்தாலும், முடிவில் காற்றிடம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதே மெய்யான சோதனை. செடி வைக்கப்போகும் தொட்டியின் உயரமேயுள்ள ஒரு தகரக் குவளையின் அடியில் துளையிட்டு, துளையை மெழுகால் அடைத்து, குவளை எவ்வளவு நீர் கொள்ளும் என்று அளந்துகொள்க. பின்பு உலர்த்தித் தொட்டியில் நிரப்புவதுபோலவே, அமுக்காமல், சற்று ஈரமான கலவையால் நிரப்பி, ஓரமாக மெல்ல நீர் வார்த்து, மேல்மட்டத்தில் நீர் மினுங்கும் வரையில் ஊறவிடுக. அரைமணி கழித்து மெழுகை நீக்கி, வடியும் நீர் முழுவதையும் பிடித்து அளக்க வேண்டும். குவளையின் கொள்ளளவு 500 மில்லிலிட்டராக, வடிந்த நீர் 100 மில்லிலிட்டரானால், நீர் வடிந்த இடத்தில் காற்றுப் புகுந்திருப்பதால் காற்றிடம் 20 சதவிகிதம். வயலட்டுக்கு 15 முதல் 25 வரையில் தகும். தோட்டத்துச் செம்மண்ணை இவ்வாறே அளந்து பார்ப்பவர், வடிந்த நீர் சில கரண்டியளவே இருக்கக் கண்டு, மேலே சொன்னதைத் தாமே உணர்வர். பத்துக்குக் குறைந்தால் பெர்லைட்டோ உமியோ கூட்டுக. முப்பதைத் தாண்டினால் நார்க்கழிவைக் கூட்டுக.

நட்ட பின்

இக்கலவையில் சத்து ஏறக்குறைய யாதுமில்லை. ஆகவே நீரில் கரையும் உரத்தை லிட்டருக்குக் கால் கிராம் அளவில், யூரியா இல்லாததாகப் பார்த்து, நீர் வார்க்குந்தோறும் சேர்த்துவர வேண்டும். மாதம் ஒருமுறை வெறும் நீரைத் தாராளமாக ஊற்றி வழியவிட்டால் தேங்கிய உப்பு கழியும். தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்தால் கழிவு போதவில்லை என்று அறிக. அவ்விளிம்பில் படும் இலைக்காம்பு அழுகும். கொங்குநாட்டுக் கிணற்று நீர் பல இடங்களில் காரமுள்ளது. அதனையே வார்த்துவந்தால் கலவையின் புளிப்புநிலை 7-க்கு மேலேறி, இரும்புச்சத்து எட்டாமல் இளங்குருத்து மஞ்சளிக்கும். மழைநீர் பிடித்து வைத்திருப்பின் அதுவே சிறந்தது. நீர் அறையின் சூட்டிலேயே இருக்க வேண்டும். இலையில் குளிர்ந்த நீர் பட்டால் வெளிறிய புள்ளிகள் விழுந்து மாறாது நிற்கும்.

ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் துகள் தாழ்ந்து கலவை இறுகத் தொடங்கும். அப்போது செடியைக் கவிழ்த்தெடுத்து, பழைய கலவையில் மூன்றிலொரு பங்கை உதிர்த்து, பழுப்பேறிய வேரைக் கிள்ளி, அதே அளவுத் தொட்டியில் புதுக் கலவையிட்டு நடுக. உதிர்த்த கலவையைத் தென்னையின் பாத்தியில் இடலாம். வேறு வயலட்டுத் தொட்டிக்கு மட்டும் மீண்டும் கொள்ள வேண்டாம்.